அந்தப் புகைப்படத்தில் நான் ஏன் தலையில் கை வைத்திருக்கிறேன் என்றால்

திருவொற்றியூர்,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சாப்பாட்டுக்கு முன்.

கிறிஸ்துவுக்குள் என் மிகுந்த அன்புக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பயத்துக்கும் உரிய ஆலிஸ் அக்காவுக்கு,

தம்பி தேவப்பிரியம் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையாலும் நீங்கள் போன மாதம் கொடுத்தனுப்பிய கருப்பட்டியாலும் இங்கே நானும் சுகிர்தமும் எங்கள் மகள் ஜெமிமாவும் சுகமாக இருக்கிறோம். என் கடையில் வேலை பழகும் உங்கள் மகன் ஜெபின் கடையிலும் சுகம், வீட்டிலும் சுகம், செல்ஃபோனில் மட்டும் அளவுக்கு மீறிய சுகம். துரை அத்தானுக்கு முட்டிவலி தேவலையா? நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் பேசி அனுப்பிய பதிவின் சத்தத்திலேயே அது தெரிந்துவிட்டது. அப்போது சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் நம் கடையில் இரும்பு வெட்டுகிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறிக் கேட்டது.

"ஏலே தேவப்பிரியம், என்னலே இது கோலம்? தகப்பன் தலையில கைய வச்சிக்கிட்டு தரையில உக்காந்திருக்கான், மவ துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு முன்னால நிக்கா! இதுக்கா பிள்ளைய காலேஜுக்கு அனுப்புன? இந்த லெச்சணத்துல இமயமலைக்கு வேற போறாளாம். நீ வாயால ஒண்ணும் சொல்லாத, வாயால சொன்னத சாயங்காலத்துக்குள்ள மாத்திருவ. பிள்ளைய மலைக்கு அனுப்ப மாட்டேன்னு எழுத்துல எழுதி அனுப்பு. அது வந்து சேருத வரைக்கும் எனக்கு ஃபோன் பண்ணாத" என்று சொல்லியிருந்தீர்கள். நான் பண்ணினேன். நீங்கள் எடுக்கவில்லை. அத்தான் எண்ணுக்குப் பண்ணியபோது அவர் எடுத்து, "அவ பக்கத்துல இருக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ஆகவே நீங்கள் கேட்டபடியே எழுத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் புகைப்படம். எடுத்தவர் பரசுராமன், நம் கடையின் லோடு வண்டி டிரைவர். அவர் அதை ஜெபினுக்கு அனுப்பினார், ஜெபின் தாய்ப்பாசம் மிகுந்து உங்களுக்கு அனுப்பினான். படத்தில் உட்கார்ந்திருப்பது நான்தான். நிற்பது ஜெமிமாதான். அவள் கையில் இருப்பது பயிற்சித் துப்பாக்கி, அது சுடாது. இதுவரை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வினை முழுவதற்கும் காரணமான பொருள் படத்தில் விழவில்லை, அது அப்போது வண்டிக்குள் கிடந்தது.

ஜெமிமா காலேஜில் சேர்ந்த கையோடு என்.சி.சி.யில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். காக்கி போட்டு வெயிலில் நடப்பார்கள், சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றுவார்கள், மிட்டாய் கொடுப்பார்கள், அதோடு முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அத்தானே பள்ளிக்கூடத்தில் பூரிக்கிழங்குக்காக என்.சி.சி.க்குப் போனதாகச் சொன்னவர்தானே. ஆனால் இவளுக்கு அது பூரியோடு நிற்கவில்லை. என் கடைச் செருப்பு நீங்கலாக வீட்டிலுள்ள எல்லாக் காலணிகளும் முகம் பார்க்கிற பளபளப்புக்கு வந்தன. இஸ்திரி போடுகிறவர் மடிப்பு சரியில்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்டு, மூன்றாம் தடவை எங்கள் தெருவையே சுற்றிப் போக ஆரம்பித்தார். சபையில் போதகர் "எழுந்து நின்று ஜெபிப்போம்" என்றால், மற்றவர்கள் எழுந்து புடவையைச் சரிசெய்வதற்குள் இவள் குதிகால் இரண்டும் சேர்கிற சத்தம் பீடம் வரை கேட்கிறது. போதகர் ஒருநாள் திடுக்கிட்டு ஜெபத்தின் நடுவை விட்டுவிட்டு நேரே ஆமென் சொன்னார், சபையார் அதற்காக இன்றுவரை ஜெமிமாவுக்கு நன்றியுள்ளவர்களாக இருக்கிறார்கள். அவர்களுடைய இந்திக் கட்டளைகளில் 'சாவ்தான்' என்றால் விறைப்பாக நிற்க வேண்டும், 'விஷ்ராம்' என்றால் தளரலாம் என்று எனக்கே பாடமாகிவிட்டது. கடையில் இரண்டு பேர் நீளமான இரும்புச் சேனல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரும்போது ஒருநாள் வாய்தவறி 'சாவ்தான்' என்று கத்திவிட்டேன். முன்னால் வந்தவர் பீகார்க்காரர், அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் திருவள்ளூர்க்காரர், நிற்கவில்லை. பெரிய காயமில்லை, கர்த்தர் காத்தார்.

இதெல்லாம் சந்தோஷமாகத்தான் போய்க்கொண்டிருந்தது அக்கா, மலை என்ற பேச்சு வரும்வரை. வடக்கே இமயமலைப் பக்கம் மலையேறும் பயிற்சி ஒன்று இருக்கிறதாம். கல்லூரி மாணவ வீரர்களில் நன்றாகச் செய்கிறவர்களைப் பொறுக்கி எடுத்து அனுப்புவார்களாம். பனியில் கூடாரம், பாறையில் கயிறு. பட்டாளத்தில் ஆபீசராகச் சேர வேண்டும் என்பது அவள் ஆசை, அதற்கு இது நல்ல படி என்று சொன்னாள். நான் கேட்ட ஒரே கேள்வி, அந்தக் கயிறு யார் கட்டுவது என்பதுதான். "நாங்களேதான்ப்பா கட்டுவோம்" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் இரும்பு நடுவில் பிழைக்கிறவன். கிரேனில் இரும்புப் பிளேட் தொங்கினால் அடியில் போகாதே, போகாதே என்று சாத்தாங்காடு முழுக்கக் கத்துகிறவன். கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவன். ஒரே பிள்ளை, அவளே போய் ஒரு கயிற்றில் தொங்குகிறேன் என்கிறாள். எனக்குப் பயம் அக்கா. வேறு எதுவும் இல்லை, வெறும் பயம்தான்.

அந்தப் பயிற்சிக்கு யார் போவது என்பதை இந்த வருஷத்து முகாமில் வைத்து முடிவு செய்வார்கள் என்றாள். முகாம், எண்ணூரைத் தாண்டி மூடிக்கிடக்கும் ஒரு பழைய தொழிற்சாலை வளாகத்தில். முள்ளுச்செடி மண்டிய பெரிய இடம். அவர்களுடைய அதிகாரி லெப்டினன்ட் சாபிரா மேடம், மற்ற நாட்களில் அதே காலேஜில் வேதியியல் நடத்துகிறவர். பெற்றோர் கூட்டத்தில் அவர் சொன்னார்: "முகாமுக்குப் பெற்றோர் யாரும் வரக் கூடாது. பாசத்த பத்திரமா வீட்டுலயே வச்சிருங்க, பிள்ளைங்க திரும்பி வந்து வாங்கிக்குவாங்க." நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டு ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆண்டவரே, என் பிள்ளை நல்ல பிள்ளைதான், முகாமில் சுகமாக இருக்கட்டும், ஆனால் மலைக்கு மட்டும் அவள் தேர்வாகக் கூடாது என்று ஜெபித்தேன். நீங்கள் இப்போது அங்கே நம் நாசரேத் ஊரில் செய்கிற ஜெபமும் அதுவாகத்தான் இருக்கும் என்பதால் இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முகாம் தொடங்கிச் சில நாள் பொறுத்தேன். பிறகு அத்திப்பட்டுப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறைக்கு ஆங்கிள் கம்பி அனுப்ப வேண்டிய வேலை வந்தது. வழக்கமாகப் பரசுராமன் தனியாகவே போவார். அன்றைக்கு லோடோடு வண்டியை வீட்டுக்கு வரச்சொல்லி நானும் ஏறினேன். பெற்றோர் வரக் கூடாது என்றுதான் மேடம் சொன்னார், இரும்பு வியாபாரி வரக் கூடாது என்று சொல்லவில்லை. சுகிர்தத்திடம் சொல்லாமல் போகப் பார்த்தேன். அவள் வாசலில் டிபன் கேரியரோடு நின்றாள். காசிமேட்டு வஞ்சிரம், பாதி வறுவல், பாதி குழம்பு. "சும்மா தூரத்துல நின்னு பாத்துட்டு வாங்க. பிள்ள கண்ணுல பட்டுராதீங்க. பட்டுட்டா இதக் குடுத்துருங்க" என்றாள். இதற்குப் பெயர் ஒத்துழைப்பா, வேவுக்கு உடந்தையா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது, படத்தில் விழாத அந்தப் பொருள்: ஒரு துணி. ஆங்கிள் எல்லாம் இருபது அடி நீளம், நம் குட்டியானை வண்டிக்குப் பின்னால் நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். அப்படி நீட்டினால் நுனியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும், பின்னால் வருகிறவன் மோதிவிடக் கூடாது. இது சாத்தாங்காட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். வழக்கமாகக் கட்டுகிற கந்தல் அன்றைக்கு எங்கேயோ விழுந்துவிட்டது. கந்தல் இல்லாமல் வண்டி கிளம்புவது என் வழக்கமில்லை. வீட்டுக்குள் போய்த் தேடியதில், கிறிஸ்துமஸுக்கு மரத்தடியில் சுகிர்தம் விரிக்கிற சிவப்பு வெல்வெட் துணி கையில் கிடைத்தது. நான் எதையும் கொஞ்சம் பெரிதாகவே செய்கிறவன் என்று உங்களுக்குத் தெரியும். நன்றாக விரித்து, கொடி போலப் பறக்கும்படி கட்டினேன். பரசுராமன் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா மொதலாளி, லோடு எடுத்துகினு போறமா, எலெக்சன்ல நிக்கப் போறமா?" என்று கேட்டார். நான் பாதுகாப்பு முக்கியம் என்றேன்.

முகாம் வாசலில் ஒரு வாட்ச்மேன். என்ன சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் வண்டியை எட்டிப் பார்த்து, "பந்தல் போட்ற கம்பியா? இன்னா இவ்ளோ லேட்டு? நேரா போயி சோத்துக்கை பக்கம் திரும்பு நைனா" என்று கேட்டைத் திறந்துவிட்டார். நான் பொய் சொல்லவில்லை, அவர் சொன்ன பொய்யை மறுக்கவில்லை, அவ்வளவுதான். உள்ளே மண்பாதை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு முள்புதர். ஓர் ஆளைக் காணோம். பிள்ளைகள் எங்கோ வகுப்பில் இருப்பார்கள் போல, ஒரு சுற்றுப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, விசில் சத்தம் கேட்டது. புதர் எல்லாம் எழுந்து நின்றது.

அக்கா, அத்தனையும் பெண்பிள்ளைகள். தலையில் இலைதழை, முகத்தில் கரி, கையில் துப்பாக்கி. பரசுராமன் பிரேக்கில் ஏறி நின்றுவிட்டார். "மொதலாளி, பொதரெல்லாம் பொண்ணுங்களா கீது! இன்னா பேஜாரா பூட்ச்சி!" என்றார். வண்டிக்கு நேர் எதிரே ஒருத்தி கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். முகத்தில் பூட் பாலிஷ் அப்பியிருந்ததால் பெற்ற தகப்பன் எனக்கே அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரம் ஆனது. தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"வண்டிய ஆஃப் பண்ணுங்க. ரெண்டு பேரும் இறங்குங்க."

"ஏட்டி ஜெமி, நான்தான்டி."

"பாஸ்வேர்டு?"

"என்னது?"

"பாஸ்வேர்டு சொல்லுங்க."

"ஏட்டி, நான் உங்கப்பன்டி!"

"அது பாஸ்வேர்டு இல்ல. கையத் தலையில வைங்க."

சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ஜெமிமா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. உங்கள் பார்வைதான் அக்கா, அச்சு அசல். சின்ன வயதில் நான் கணக்கில் தவறிவிட்டு வரும்போது வாசலில் நின்று பார்ப்பீர்களே, அதே பார்வை. "வச்சிடு மொதலாளி. பாப்பா மூஞ்சில வெளாட்டே இல்ல. சொம்மா வச்சிடு" என்று பரசுராமன் காதோரம் சொன்னார். வைத்தேன். தரையில் உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தேன்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அன்றைக்கு அவர்களுக்குப் போர்ப் பயிற்சி. இவள் அணிக்குத் தலைவி இவள்தான், அங்கே இவளை சார்ஜென்ட் என்கிறார்கள். எதிரியின் சாப்பாட்டு வண்டி அந்தப் பாதையில் வரும், அதை மறைந்திருந்து மடக்கிப் பிடிக்க வேண்டும். எதிரி வண்டிக்கு அடையாளம், அதில் சிவப்புக் கொடி பறக்கும். மலைக்கு யார் போவது என்பதற்கு மார்க் போடுகிற பரீட்சையே இதுதான். நம் சாத்தாங்காட்டு வழக்கப்படி நான் துணி கட்டிக்கொண்டு போய் நடுவில் நின்றிருக்கிறேன். ஒரு பிள்ளை வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டு, "சார்ஜென்ட், இதுல ரேஷன் எதுவும் இல்ல, வெறும் இரும்புதான்!" என்று கத்தினாள். அதே நேரம் தூரத்தில், பாதை வளைகிற இடத்துக்கு அப்பால், ஒரு ஜீப்பின் சத்தம் கேட்டது. நிஜ எதிரி வந்துகொண்டிருந்தான். இவர்களோ ஒருத்தர் பாக்கியில்லாமல் புதரைவிட்டு வெளியே வந்து என்னைச் சுற்றி நிற்கிறார்கள். ஜீப்காரர் இந்தக் கூட்டத்தைப் பார்த்தால் அப்படியே திருப்பிக்கொண்டு போய்விடுவார், இவள் தோற்றுப்போவாள்.

ஜெமிமா கீழுதட்டைக் கடித்தாள். பரீட்சை முடிவு வரும் நாளில் கடிப்பாளே, அப்படி. அந்தக் கரிப்பூச்சுக்கு அடியில் அப்போதுதான் என் பிள்ளையைப் பார்த்தேன். நான் ஜெபித்தது அப்படியே நடக்கப்போகிறது. அவள் தேர்வாகப்போவதில்லை, அதுவும் என்னால். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை அக்கா. தலையில் கை வைத்தபடியே ஜெபத்தை மாற்றினேன். ஆண்டவரே, இத்தனை நாள் சொன்னதெல்லாம் வேண்டாம், அதைக் கேளாதவராக இரும், இந்தப் பிள்ளை ஜெயிக்கட்டும் என்றேன். முழங்கால் போடாமல், கை கூப்பாமல், அப்படி ஓர் அவசர ஜெபத்தை நான் என் ஆயுளில் செய்ததில்லை.

உதடு கடித்தது ஒரு கணம்தான். அடுத்து அவள் குரல் வந்தது. "எல்லாரும் திரும்ப பொசிஷனுக்குப் போங்க. பரசுராமண்ணா, வண்டிய எடுத்து குறுக்கால போடுங்க, கம்பி நீட்டிக்கிட்டு இருக்கிறதுல பாத முழுசா அடைபடணும். அந்தத் துணிய அவுத்து உள்ள வைங்க. கைதி எந்திரிச்சு டயர்கிட்ட குனிஞ்சு நில்லுங்க. பஞ்சர். யாரு கேட்டாலும் பஞ்சர்." கைதி என்றது என்னைத்தான். பரசுராமன் "தோ ஆச்சு பாப்பா!" என்று என் சொல்லுக்கு ஒருநாளும் காட்டாத சுறுசுறுப்போடு வண்டியைத் திருப்பினார். பிள்ளைகள் புதருக்குள் போனார்கள், இலை அசையவில்லை. நான் டயரைப் பார்த்துக் குனிந்தேன்.

ஜீப் வந்து நின்றது. முன்னால் ஒரு கர்ச்சீப் அளவுக்குச் சிவப்புக் கொடி. இதற்கா இவ்வளவு பாடு என்று இருந்தது. மீசை வைத்த பட்டாளத்துப் பயிற்சியாளர் ஒருவர் இறங்கி வந்து, "யாருங்க நீங்க? உங்கள யாரு உள்ள விட்டது?" என்று கேட்டார். "பஞ்சர் சார்" என்றேன். அவர் டயரை உதைத்துப் பார்த்தார். கல் மாதிரி காற்று. "எங்க பஞ்சர்?" என்றார். பிறகு ஆண்டவர் எனக்குத் தெரிந்த ஒரே பாஷையைக் கொடுத்தார். "டயர் கிடக்கட்டும் சார், நீங்க வீடு கட்டுதியளா?" என்று ஆரம்பித்தேன். அவர் முழித்தார். பிறகு, ஊரில் மாடி எடுப்பதாகச் சொன்னார். யார் எடுக்கவில்லை இந்தக் காலத்தில்? அவ்வளவுதான், எந்தக் கம்பி துருப்பிடிக்கும், எது பிடிக்காது, கொத்தனார் எங்கே ஏமாற்றுவான், ஜன்னலுக்கு ஆங்கிளா பைப்பா என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜீப்பை மறந்துவிட்டு என் வண்டியில் கிடந்த ஆங்கிளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விசில் அடித்தது. புதர் எழுந்தது. ஜீப்பை நாலா பக்கமும் வளைத்துவிட்டார்கள்.

அவரையும் உட்காரவைத்தார்கள். எல்லாம் முடிந்ததே என்று நான் எழுந்து சட்டையைத் தட்டினேன். "கைதி, உக்காருங்க. உங்கள இன்னும் விடல" என்றாள். மறுபடி தலையில் கை. பரசுராமன் ஃபோனை எடுத்துப் படம் பிடித்தது அப்போதுதான். நன்றாகப் பாருங்கள், உங்களுக்கு வந்த படத்தின் ஓரத்தில் ஒரு பூட்ஸ் கால் தெரியும், அது அந்தப் பயிற்சியாளருடையது. அவரும் என் பக்கத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஜன்னலுக்கு என்ன சொன்னீங்க, ஆங்கிளா?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இடிந்த தண்ணீர்த் தொட்டிக்கு மேலிருந்து சாபிரா மேடம் இறங்கி வந்தார். எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்த்திருக்கிறார். "இவர் யாரு, சார்ஜென்ட்?" என்றார். ஜெமிமா விறைப்பாக நின்று, "அடையாளம் தெரியாத வண்டி, மேடம். பிடிச்சோம், பயன்படுத்திக்கிட்டோம்" என்றாள். "கைதி பேரு?" "தேவப்பிரியம், மேடம்." "அவர் உனக்கு என்ன வேணும்?" கொஞ்சம் தயங்கினாள். "அப்பா, மேடம்." அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பையெல்லாம் அந்தப் பிள்ளைகள் அப்போது ஒன்றாகச் சிரித்துத் தீர்த்தார்கள். மேடம் என்னிடம் திரும்பினார். நான் லோடு எடுத்து வந்த வியாபாரி என்று முந்திக்கொண்டு சொன்னேன். "வியாபாரி டிபன் கேரியர் எதுக்குக் கொண்டு வந்தாரு?" என்று கேட்டார். எதிரியின் ரேஷன் என்று அது பறிமுதல் செய்யப்பட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து அதைக் காலி செய்தார்கள். மேடம் ஒரு துண்டு வறுவல் எடுத்துக்கொண்டு, மசாலா என்ன சேர்ப்பீர்கள் என்று கேட்டார். சுகிர்தத்திடம் இதைச் சொன்னதிலிருந்து அவள் தானே முகாம் நடத்தியது போல நடக்கிறாள். வெல்வெட் துணியில் முள் கிழித்த கதையைச் சொன்னபிறகுதான் கொஞ்சம் இறங்கினாள்.

கிளம்பும்போது மேடம் வண்டி வரைக்கும் வந்தார். "நடுவுல திட்டத்தக் கெடுக்கறதுக்குன்னே நான் ஒரு ஆள ஏற்பாடு பண்ணி வச்சிருந்தேன் சார். திட்டம் கெட்டதுக்கு அப்புறம் பிள்ளைங்க என்ன செய்றாங்கன்னு பாக்குறதுதான் பரீட்சையே. அவருக்கு முந்தி நீங்க வந்துட்டீங்க. அவரு இன்னும் அந்த மரத்தடியில உக்காந்திருக்காரு" என்றார். பிறகு, "உங்க பொண்ணு மலைக்குப் போறா" என்றார். நான் நன்றி என்றேன். பயமும் சந்தோஷமுமாக வண்டியில் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் பரசுராமன்தான் பேசிக்கொண்டு வந்தார். "நம்மளயே மடக்கி, நம்ம வண்டிய வச்சே அந்தாளயும் மடக்கிச்சி பாரு, அது மூள மொதலாளி. நீ சொம்மா பேஜாராவாத. அதுக்கு ஒண்ணியும் ஆவாது" என்றார்.

முகாம் முடிந்து அவள் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், என்னை எப்போது அடையாளம் கண்டாய் என்று. "வளைவுல திரும்பும்போதே தெரிஞ்சிடுச்சுப்பா. அம்மாவோட கிறிஸ்துமஸ் துணிய எனக்குத் தெரியாதா?" என்றாள். தெரிந்தும் ஏன் பிடித்தாய் என்றேன். "செவப்புக் கொடி கட்டுன வண்டி எது வந்தாலும் நிறுத்தணும்னுதான் ஆர்டர். அப்பா வண்டின்னா விட்டுறணும்னு அதுல இல்லையே" என்றாள். சொல்லிவிட்டு, "உங்களப் பாத்ததும் எனக்குப் பயந்தான் வந்துச்சு. வெளிய காட்டிக்கல" என்றும் சொன்னாள். எனக்கும் அந்த மலையை நினைத்தால் பயம்தான் என்று நான் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "அப்ப நீங்களும் வெளிய காட்டிக்காதீங்க" என்றாள்.

இப்போது நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஜெமிமாவை மலைக்கு அனுப்ப மாட்டேன் என்று எழுதத்தான் இன்றைக்குப் பேனாவை எடுத்தேன். 'ஜெமிமாவை மலைக்கு' என்பது வரை எழுதினேன், அதற்கு மேல் கை ஓடவில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இந்தத் தாளை எடுத்தேன். எழுத்தில் கேட்டீர்கள், எழுத்திலேயே தருகிறேன்: ஜெமிமா மலைக்குப் போகிறாள். கயிற்றை அவளே கட்டட்டும். திட்டம் கெட்டுப்போகிற நேரத்தில் அந்தப் பிள்ளை எப்படி நின்றாள் என்று நான் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் கட்டுகிற முடிச்சை நான் நம்புகிறேன். நீங்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தப் பார்வை உங்களிடமிருந்துதான் வந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே இன்னொரு வாக்குறுதியும் தருகிறேன். இனி நான் அவள் பின்னால் போகப்போவதில்லை. லோடு என்றும், மீன் என்றும், எந்தச் சாக்கும் சொல்லப்போவதில்லை. அவள் ரயில் ஏறும்போது கையாட்டிவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன். சிவப்பு வெல்வெட்டைச் சுகிர்தம் தைத்துத் துவைத்துப் பெட்டிக்குள் பூட்டிவிட்டாள். இது என் உறுதியான முடிவு. காலையில் சொல்லிச் சாயங்காலம் மாற்றுகிற பழைய தேவப்பிரியம் இல்லை நான்.

உங்களையும் அத்தானையும், அத்தான் முட்டியையும் கர்த்தர் தம் உள்ளங்கையில் வைத்துக் காப்பாராக. சபையில் எல்லாருக்கும், முக்கியமாக அந்தப் படத்தை நீங்கள் காட்டியிருக்கக்கூடிய எல்லாருக்கும், எங்கள் ஸ்தோத்திரம் சொல்லவும். சுகிர்தமும் ஜெமிமாவும் தங்கள் அன்பைத் தெரிவிக்கிறார்கள். பரசுராமனும் சொல்லச் சொன்னார், அவருக்கு நீங்கள் யாரென்று தெரியாது, ஆனாலும் உங்கள் குரலை மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்டதிலிருந்து மரியாதை வைத்திருக்கிறார்.

என்றும் தங்கள் சொல் தட்டாத தம்பி
(இந்த ஒரு தடவை தவிர),
தேவப்பிரியம்

பி.கு.: மேலே நான் கொடுத்த இரண்டாவது வாக்குறுதியைத் தயவுசெய்து அடித்துவிடவும். அந்த மலைக்குக் கீழே டேராடூன் பக்கம் ஆங்கிளுக்கு நல்ல கிராக்கி என்று கேள்விப்பட்டேன், நேரில் போய் விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஜெமிமா போகிற அதே வாரத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சுகிர்தம் வருகிறாள். உங்களுக்கும் அத்தானுக்கும் சேர்த்தே எடுத்திருக்கிறேன், ஆகவே கோபத்தை நேரில் கொண்டுவந்து மலையடிவாரத்தில் வைத்துக்கொள்ளலாம். ஸ்வெட்டர் இங்கேயே வாங்கிவிடுவோம். ஜெபின் கடையைப் பார்த்துக்கொள்வான்.

இதை ஜெமிமாவுக்குத் தெரியாமல்தான் செய்திருந்தேன். நான் பசை எடுக்க உள்ளே போன நேரத்தில் அவள் கடிதத்தைப் படித்துவிட்டாள். திரும்பி வந்தால் அந்தப் பார்வை. நான் தானாகவே சாவ்தானில் நின்றுவிட்டேன். "பயிற்சி முடியற அன்னைக்கு மட்டும் கேட்டுக்கு வாங்க. அதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் தலையக் காட்டுனா மறுபடி தலையில கைதான்" என்றாள். சரி என்றேன். கேட்டில் நிற்கிறவர்கள் பாஸ்வேர்டு கேட்டால் என்ன செய்வது, அதை மட்டுமாவது சொல்லிவிட்டுப் போ என்று கெஞ்சினேன். அவள் கடிதத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அன்னைக்கு நான் பாஸ்வேர்டு கேட்டப்ப ஒண்ணு சொன்னீங்களே, அதையே சொல்லுங்கப்பா. இந்தத் தடவ அதுதான் பாஸ்வேர்டு" என்றாள்.